சிறுமச் செயல் தத்துவம்: தனியாகப் படிக்க இறங்குகிறவர்களுக்கு

இயற்பியல் மொத்தமும் ஒரே தத்துவத்துக்குள் அடங்கிவிடும் என்று எங்கோ கேள்விப்பட்டு, அது என்னதான் என்று பார்க்கப் போய், முதல் பக்கத்திலேயே தொகையீட்டுக் குறியும் கிரேக்க எழுத்துகளும் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்துப் புத்தகத்தை மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். அந்தத் தத்துவம்தான் சிறுமச் செயல்: ஒரு பொருள் போகக்கூடிய எல்லாப் பாதைகளிலும், அது உண்மையில் போகும் பாதைக்குச் 'செயல்' என்ற ஒரு எண் வழக்கமாக அடிமட்டத்தில் இருக்கும். இது அவர்களுக்காக. வகுப்பும் வாத்தியாரும் இல்லாமல், வேலைக்குப் போய்க்கொண்டே இதோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பாடம் அவ்வளவு கடினம் இல்லை, சொல்லித்தரும் வரிசைதான் படுத்துகிறது. குறியீட்டில் தொடங்கிக் கடைசியில்தான் எண்ணுக்கு வருகிறார்கள், சிலர் எண்ணுக்கு வருவதே இல்லை. நாம் தலைகீழாகப் போவோம். ஒரு பந்து, அதற்கு ஒரு எண். அந்த எண்ணை விடாமல் பிடித்துக்கொண்டே நியூட்டன், ஐன்ஸ்டைன், குவாண்டம் மூன்றையும் எட்டிப் பார்த்துவிடலாம்.

இந்தத் தத்துவத்தை வளர்த்தெடுத்த மோபெர்டுயி, ஆய்லர், லாக்ராஞ்ச், ஹாமில்டன் ஆகியோரில் யார் என்ன சொன்னார் என்ற கதையை இப்போது விட்டுவிடுங்கள். எழுத்தாளர் வால்டேர் வரை உள்ளே வந்து சண்டை போட்ட சுவையான கதைதான், ஆனால் கணக்குப் போட உதவாது.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. ஒரு நோட்டு, ஒரு கணினி, அதில் விரிதாள் போட எக்செல் அல்லது இலவசமான லிப்ரே ஆபீஸ். கைப்பேசியிலும் ஓட்டலாம், ஆனால் இருபது வரிசையைத் தடவித் தடவித் திருத்துவதற்குள் வெறுத்துவிடும்.

கணிதத்தில் வகையிடல், தொகையிடல், பெருமம்–சிறுமம் கண்டுபிடிப்பது, பகுதித் தொகையிடல், பகுதி வகைக்கெழு ஆகியவை போதும். இவை எல்லாமே தமிழ்நாட்டுப் பாடநூல் 11, 12ஆம் வகுப்புக் கணிதப் புத்தகங்களில் தமிழிலேயே இருக்கின்றன, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பகுதி வகைக்கெழு 12ஆம் வகுப்பில் வருகிறது. பள்ளி முடித்து வருடக்கணக்காகிவிட்டது என்றால் இதைத் துடைத்து எடுக்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள். இந்த இரண்டு வாரத்தை மிச்சப்படுத்தப் பார்க்கிறவர்கள்தான் ஐந்தாம் படியில் சிக்கிக்கொள்வார்கள்.

வாசிப்புக்கு, இயற்பியலாளர் ஃபெயின்மனின் விரிவுரைகள் மூன்று தொகுதியும் கால்டெக் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. இரண்டாம் தொகுதியின் 19ஆம் அத்தியாயம் முழுக்க இந்தத் தத்துவம் பற்றியது, முதல் தொகுதியின் 26ஆம் அத்தியாயம் இதன் ஒளியியல் உறவுக்காரர். 19ஆம் அத்தியாயத்தின் பின்பகுதி நிலைமின்னியலுக்குள் போய்விடுகிறது, முதல் சுற்றில் அதைத் தாண்டிவிடுங்கள்.

லாண்டாவ்–லிஃப்ஷிட்ஸ் எழுதிய இயந்திரவியல் புத்தகத்தை உடனே வாங்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். அருமையான புத்தகம், ஆனால் எடுத்த எடுப்பில் தத்துவத்தை உங்கள் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடும். அதை ஐந்தாம் படிக்குப் பிறகு நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். கட்டணம் கட்டிச் சேரும் இணைய வகுப்பும் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் கிடைத்தால் மொத்தம் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு பந்து, ஒரு எண்

ஒரு கிலோ எடையுள்ள பந்தை நேராக மேலே எறிகிறோம், சரியாக 2 வினாடியில் கைக்குத் திரும்புகிறது. ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம், காற்றுத்தடை கிடையாது. பள்ளிக் கணக்குப்படி பந்து 5 மீட்டர் ஏறி இறங்கும். அதை மறந்துவிட்டு, எத்தனை மீட்டர் ஏறினால் என்ன என்று எல்லா வாய்ப்பையும் பார்ப்போம்.

செயல் என்பது இதுதான்: ஒவ்வொரு கணத்திலும் இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, வரும் விடையைப் பயண நேரம் முழுக்கத் தொகையிட வேண்டும். அலகு ஜூல்-வினாடி. ஏன் கழிக்கிறோம், கூட்டினால்தானே மொத்த ஆற்றல் என்று தோன்றும். தோன்றட்டும், ஆறாம் படி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயரம் = உச்சம் × நேரம் × (2 − நேரம்) என்று ஒரு பாதைக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு நோட்டில் தொகையிடுங்கள். செயல் = (4 × உச்சத்தின் வர்க்கம் − 40 × உச்சம்) ÷ 3 என்று வரும். இப்போது எண்களைப் போடுங்கள். பந்து கையை விட்டே போகவில்லை, உச்சம் 0 என்றால் செயல் 0. உச்சம் 3 மீட்டர் என்றால் −28. 4 என்றால் −32. 5 என்றால் −33.33. 6க்குப் போனால் மறுபடி −32, 7க்கு −28, 10க்கு 0. அடியில் இருப்பது 5 மீட்டர், அதாவது பந்து உண்மையில் போகும் பாதை. வளைவாக இல்லாமல் சீரான வேகத்தில் 5 மீட்டர் ஏறி, உச்சியில் சட்டென்று திரும்பி, சீரான வேகத்தில் இறங்கும் ஒரு கற்பனைப் பாதைக்கும் போட்டுப் பாருங்கள், −25தான் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள், முழுப் பாடமும் இதில்தான் இருக்கிறது. உச்சத்தை 5லிருந்து 1 மீட்டர் நகர்த்தினால் செயல் 1.33 ஏறுகிறது. 10 சென்டிமீட்டர் மட்டும் நகர்த்தினால் 0.0133தான் ஏறுகிறது. நகர்வு பத்தில் ஒன்றானால் மாற்றம் நூறில் ஒன்றாகிறது. உண்மைப் பாதைக்குப் பக்கத்தில் செயல் ஏறக்குறைய அசைவதே இல்லை. பின்னால் வரும் எல்லா நிரூபணத்துக்கும் இதுதான் அடி.

இந்த இடத்தில் வழக்கமாக ஏமாறும் ஒன்று: தொடக்க இடம், தொடக்க நேரம், முடிவு இடம், முடிவு நேரம் நான்கும் கட்டாயம் மாறாமல் இருக்க வேண்டும். 4 மீட்டர் ஏறினால் சீக்கிரம் திரும்பிவிடுமே என்று நேரத்தையும் குறைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் கலைந்துவிடும். மோபெர்டுயி பெயரில் வரும் வடிவத்தில் நேரத்துக்குப் பதிலாக ஆற்றலை மாறாமல் வைப்பார்கள், தொகையிடும் அளவும் வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கும் புத்தகங்கள் உண்டு, எதை மாறாமல் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

3. அதே பந்து, விரிதாளில்

இதற்கு ஒரு மாலை போதும், தயவுசெய்து தாண்டாதீர்கள். முதல் நிரலில் நேரம், 0 முதல் 2 வரை 0.1 வினாடி இடைவெளியில் 21 வரிசை. இரண்டாவதில் உயரம். மூன்றாவதில் அடுத்தடுத்த இரண்டு உயரங்களின் வித்தியாசத்தை 0.1ஆல் வகுத்துக் கிடைக்கும் வேகம். நான்காவதில் அந்தத் துண்டின் இயக்க ஆற்றல் × 0.1, ஐந்தாவதில் அந்தத் துண்டின் சராசரி உயரத்துக்கான நிலை ஆற்றல் × 0.1. நான்காவதின் கூட்டலிலிருந்து ஐந்தாவதின் கூட்டலைக் கழித்தால் செயல்.

சரியான பாதையைப் போட்டால் −33.25 வரும். −33.33 வரவில்லையே என்று பதற வேண்டாம், 0.1 வினாடித் துண்டுகளாக வெட்டியதன் விலை அது.

இப்போது நடுவில் ஏதாவது ஒரே ஒரு கட்டத்தில் உயரத்தை 10 சென்டிமீட்டர் ஏற்றுங்கள். −33.15. பழையபடி வைத்துவிட்டு 10 சென்டிமீட்டர் இறக்குங்கள். மறுபடியும் −33.15. வேறு கட்டத்தைத் தொடுங்கள், அதே −33.15. எங்கே தொட்டாலும், எந்தப் பக்கம் நகர்த்தினாலும் செயல் ஏறுகிறது.

அப்புறம் இன்னொரு சோதனை. எந்தக் கட்டத்தை எடுத்தாலும், மேல் கட்டம், கீழ்க் கட்டம் இரண்டின் சராசரியைவிட அதன் உயரம் சரியாக 5 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும். 1 வினாடியில் 5 மீட்டர், அதற்கு முன்னும் பின்னும் 4.95. மொத்தச் செயலும் அடிமட்டத்தில் இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டமும் அதன் அக்கம்பக்கத்தோடு இந்த உறவில் இருந்தே ஆக வேண்டும், அந்த 5 சென்டிமீட்டர் ஈர்ப்பு முடுக்கத்திலிருந்து வருகிறது. இதை இயற்கணிதமாக எழுதிப் பாருங்கள், விசை = நிறை × முடுக்கம் என்று வந்து நிற்கும். "பந்துக்குத் தான் எங்கே போய் முடியப்போகிறோம் என்று எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை வைத்து எத்தனையோ பேர் தத்துவ விசாரம் செய்திருக்கிறார்கள். பந்துக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. முழுப் பாதையைப் பற்றிய வாக்கியமும், ஒவ்வொரு கட்டத்தைப் பற்றிய வாக்கியமும் ஒரே செய்திதான்.

கவனிக்க வேண்டியது இரண்டு. வேக நிரலில் வகையிட்ட சூத்திரத்தை நேராகப் போடாதீர்கள், அப்படிப் போட்டால் கட்டத்தைத் தொடும்போது வேகம் மாறாது, கணக்கு பொய்யாகிவிடும். சால்வரை (சிறுமத்தைத் தானாகத் தேடித் தரும் விரிதாள் கருவி) ஓட்டிப் பார்க்க விரும்பினால், லிப்ரே ஆபீஸில் முதலில் இருப்பது நேரியல் கணக்குகளுக்கான சால்வர், அது இங்கே உதவாது. அமைப்பில் போய் நேரியல் அல்லாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

4. எப்போதும் சிறுமம்தானா?

இல்லை. பெயரை நம்பி ஏமாறாமல் இருக்க அதே விரிதாளில் நிலை ஆற்றலை மட்டும் மாற்றுங்கள். ஈர்ப்புக்குப் பதில் ஒரு சுருள்வில், வில் மாறிலி 10, நிறை அதே ஒரு கிலோ. நிலை ஆற்றல் = 5 × உயரத்தின் வர்க்கம். எல்லா உயரமும் 0, அதாவது சும்மா நிற்பது, நியூட்டன் விதிப்படி சரியான ஒரு பாதை. அதன் செயல் 0. நடுவில் ஒரே ஒரு கட்டத்தை 10 சென்டிமீட்டர் ஏற்றுங்கள், செயல் ஏறத்தாழ 0.1 ஏறும். இப்போது எல்லாக் கட்டங்களையும் சேர்த்து, 1 மீட்டர் உச்சமுள்ள அரை சைன் அலையாகத் தூக்குங்கள். செயல் −3.7 அளவுக்கு இறங்கிவிடும்!

ஆக, சரியான பாதை இங்கே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை. இந்த வில்லின் அலைவுக் காலம் கிட்டத்தட்ட 2 வினாடி. அதில் பாதி, அதாவது 1 வினாடிக்குள் முடியும் பயணத்துக்குத்தான் செயல் உண்மையிலேயே சிறுமம். பொதுவாகத் தேவைப்படுவது தேக்கநிலை மட்டும், அதாவது கொஞ்சம் நகர்த்தினால், நகர்வுக்கு நேர் விகிதத்தில் செயல் மாறக் கூடாது, அவ்வளவுதான். "இயற்கை ஒரு சோம்பேறி", "இயற்கை சிக்கனம் பார்க்கும்" என்றெல்லாம் தொடங்கும் காணொளிகள் இந்த வில்லுக்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியவில்லை.

5. லாக்ராஞ்ச் சமன்பாடு

இப்போதுதான் குறியீட்டுக்குப் போக வேண்டும். விரிதாளில் கட்டத்தை நகர்த்தியதை அப்படியே தொடர்ச்சியான பாதைக்குச் செய்து, ஒரு முறை பகுதித் தொகையிடல் செய்தால் சமன்பாடு கிடைத்துவிடும். எந்தப் புத்தகத்திலும் ஒரு பக்கத்துக்குள் இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு நீங்களே எழுத வர வேண்டும், அதுவரை அடுத்த பக்கம் போகாதீர்கள்.

அங்கே எல்லாரையும் குழப்புவது, நிலையையும் வேகத்தையும் தனித்தனி மாறிகளாக வைத்துப் பகுதி வகைக்கெழு எடுப்பது. வேகம் என்பதே நிலையின் வகைக்கெழுதானே, அதெப்படித் தனி? லாக்ராஞ்சியன் (நாம் தொகையிடும் அந்த இயக்க ஆற்றல் கழித்தல் நிலை ஆற்றல்) என்பது வெறும் செய்முறை. ஒரு இடத்தையும் ஒரு வேகத்தையும் கொடுத்தால் ஒரு எண்ணைத் தரும், அந்த இரண்டு எண்ணையும் நீங்கள் இஷ்டப்படி கொடுக்கலாம். பாதை என்ற ஒன்று உள்ளே வந்த பிறகுதான் இரண்டுக்கும் உறவு வருகிறது. முழு நேர வகைக்கெழு எடுக்கும் இடத்தில் அந்த உறவைப் பயன்படுத்துகிறோம்.

பயிற்சிக்கு முதலில் தனி ஊசல், கோணம் ஒன்றே மாறி. பிறகு இரட்டை ஊசல். நியூட்டன் வழியில் இரண்டு கம்பியின் இழுவிசையையும் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டிய கணக்கு, இங்கே இழுவிசை என்ற பேச்சே இல்லாமல் முடியும். கேட், சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு இயற்பியல் பாடத்திட்டங்களில் இந்தப் பகுதி இருக்கிறது, தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இங்கே மட்டும் கூடுதலாக மூன்று வாரம் போடலாம்.

நோயெத்தர் தேற்றத்தையும் இதே சூட்டில் பார்த்துவிடுங்கள்: லாக்ராஞ்சியனில் ஒரு மாறி வராவிட்டால், அதற்கு இணையான ஒரு அளவு மாறாமல் இருக்கும். சாய்வாக எறிந்த பந்தின் லாக்ராஞ்சியனில் கிடைமட்ட இடம் வரவே வராது, அதனால் கிடைமட்ட உந்தம் மாறாது. உயரம் வருகிறது, அதனால் செங்குத்து உந்தம் மாறும். நேரம் நேரடியாக வரவில்லை, அதனால் ஆற்றல் மாறாது. எமி நோயெத்தர் 1918இல் வெளியிட்ட பொதுத் தேற்றத்தின் எளிய முகம் இது. பள்ளியில் தனித்தனியாக மனப்பாடம் செய்த மாறா விதிகள் ஒரே இடத்திலிருந்து வருவதைப் பார்க்கும்போது, செலவழித்த நேரம் வீண் இல்லை என்று தோன்றும்.

6. ஏன் கழித்தல்? பந்தில் ஒரு கடிகாரம்

எனக்கு மொத்தப் பாடத்திலும் பிடித்த படி இது, ஏனோ அறிமுக நூல்களில் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். சார்பியலிலிருந்து இரண்டே செய்திகள் போதும். உயரத்தில் இருக்கும் கடிகாரம் வேகமாக ஓடும். நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் இரண்டும் நடக்கிறது, உயரத்தால் நாளொன்றுக்குச் சுமார் 45 மைக்ரோவினாடி கூடுகிறது, வேகத்தால் சுமார் 7 குறைகிறது, மிச்சம் 38ஐத் திருத்தித்தான் உங்கள் கைப்பேசி வழி காட்டுகிறது.

பந்தில் ஒரு கடிகாரத்தைக் கட்டி எறியுங்கள். அதிகம் ஏறினால் உயரத்தால் லாபம், ஆனால் 2 வினாடிக்குள் போய்த் திரும்ப வேகம் வேண்டும், அதில் நஷ்டம். லாபத்திலிருந்து நஷ்டத்தைக் கழித்தால் என்ன வருகிறது? உயரத்தால் வரும் லாபம் நிலை ஆற்றலுக்கு நேர் விகிதம், வேகத்தால் வரும் நஷ்டம் இயக்க ஆற்றலுக்கு நேர் விகிதம். அதாவது நம்முடைய செயல்தான், குறி மட்டும் தலைகீழ். செயலை நிறையாலும் ஒளிவேகத்தின் வர்க்கத்தாலும் வகுத்தால் கடிகார வித்தியாசம் கிடைத்துவிடும். −33.33ஐ 9 × 10¹⁶ஆல் வகுங்கள். கையில் இருக்கும் கடிகாரத்தைவிடப் பந்தின் கடிகாரம் 3.7 × 10⁻¹⁶ வினாடி கூடுதலாகக் காட்டும். 4 மீட்டரோ 6 மீட்டரோ ஏறியிருந்தால் லாபம் குறைந்திருக்கும், 10 மீட்டர் என்றால் இரண்டு கடிகாரமும் சமம்.

தன்பாட்டில் பறக்கும் பந்து, தன் கடிகாரம் அதிகபட்ச நேரம் காட்டும் பாதையில் போகிறது. கழித்தல் குறிக்கு விளக்கம் இவ்வளவுதான். காலவெளி எப்படி வளைய வேண்டும் என்பதற்கும் ஒரு செயல் உண்டு, கணித அறிஞர் ஹில்பெர்ட் 1915இல் எழுதியது. அதற்கு டென்சர் கணிதம் வேண்டும், அது தனியாக ஒரு வருட வேலை. இந்தப் பயணத்தில் அதைத் தொடாதீர்கள்.

7. ஒளி, பிறகு குவாண்டம்

ஒளிக்கு அதிக நேரம் வேண்டாம். காற்றில் ஒரு புள்ளி, தண்ணீரில் ஒரு புள்ளி, நீர்ப்பரப்பில் எங்கே நுழைகிறது என்ற ஒரே ஒரு மாறி. மொத்தப் பயண நேரத்தை விரிதாளில் போட்டு அடிமட்டத்தைக் கண்டுபிடித்தால் ஒளிவிலகல் விதி வந்துவிடும். வெயில் நேரத்துத் தார்ச்சாலையில் கானல் நீர் தெரிவதும் இதே கணக்கு, சூடான காற்றில் ஒளி சற்று வேகமாகப் போவதால் வளைந்து வருகிறது.

குவாண்டத்தில்தான், தேக்கநிலை ஏன் முக்கியம் என்று புரியும். ஃபெயின்மன் 1948இல் வெளியிட்ட வடிவத்தின்படி, துகள் போகக்கூடிய எல்லாப் பாதைகளும் பங்கு தருகின்றன. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கோணம், செயலை, 'குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலி' என்ற மிகச் சிறிய எண்ணால் (1.05 × 10⁻³⁴ ஜூல்-வினாடி) வகுத்து வருவது அந்தக் கோணம். பாதைக்குப் பாதை கோணம் தாறுமாறாக மாறும் இடங்களில் பங்குகள் ஒன்றையொன்று அடித்துவிடும். செயல் அசையாமல் இருக்கும் இடத்தில் மட்டும் சேர்ந்து நிற்கும்.

நம் பந்துக்குப் போடுங்கள். உச்சம் 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் செயல் வித்தியாசம் 0.0133. அதை 1.05 × 10⁻³⁴ஆல் வகுத்தால் கோணம் 10³² ரேடியன் அளவுக்கு மாறிவிடுகிறது. கோணம் 1 ரேடியன் மட்டும் மாற எவ்வளவு நகரலாம் என்று பார்த்தால் 9 × 10⁻¹⁸ மீட்டர், புரோட்டானின் ஆரத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு சிறியது. அதனால்தான் பந்துக்கு ஒரே பாதை இருப்பதுபோல் தெரிகிறது. ஒரு கிலோவுக்குப் பதில் எலக்ட்ரானின் நிறையைப் போடுங்கள், அதே கணக்கில் 9 மில்லிமீட்டர் வரும். எலக்ட்ரான் எந்தப் பாதையில் போனது என்ற கேள்விக்கு ஏன் பதில் இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

8. எங்கே செல்லாது, எங்கே நிறுத்தலாம்

உராய்வு இருந்தால், இயக்க ஆற்றல் கழித்தல் நிலை ஆற்றல் என்ற எளிய லாக்ராஞ்சியன் போதாது. ரேலே பெயரிலான ஒரு கூடுதல் சார்பை வெளியிலிருந்து சேர்த்துச் சமாளிப்பார்கள், அது வேலை செய்யும், ஆனால் அப்போது அது சிறுமச் செயல் இல்லை. காந்தப்புலத்தில் ஓடும் மின்னூட்டத்துக்கும் எளிய கழித்தல் பொருந்தாது, வேகத்தோடு பெருகி வரும் ஓர் உறுப்பு தேவைப்படும். இந்த இரண்டையும் ஒரு முறையாவது கையால் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கழித்தலையே இயற்கை விதி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஒருங்கிணைக்கும் பார்வை என்ற புகழ்ச்சியையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். பந்து, ஒளி, மின்காந்தம், ஈர்ப்பு, துகள் இயற்பியலின் தரப்படுத்தப்பட்ட மாதிரி எல்லாமே செயல் என்ற ஒரே படிவத்தில் எழுதப்படுகின்றன, உண்மை. ஆனால் படிவத்தில் எந்த லாக்ராஞ்சியனை நிரப்புவது என்று தத்துவம் சொல்லாது. சமச்சீர்கள் கொஞ்சம் வழிகாட்டும், மிச்சத்தைச் சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும்.

பொழுதுபோக்காகப் படிக்கிறவர்கள் ஏழாம் படியோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துபோகாது. மேலே போக விரும்புகிறவர்கள் ஹாமில்டன் சமன்பாடுகளுக்குப் போகலாம், லாண்டாவ் புத்தகத்தை இன்னும் நூலகத்திலிருந்து எடுக்கவில்லை என்றால் அப்போது எடுங்கள். களக் கோட்பாட்டுப் புத்தகம் எதையும் மின்காந்தவியலை ஒரு முறை முழுசாக முடிக்கும் வரை வாங்காதீர்கள், விலையும் அதிகம், அலமாரியில்தான் இருக்கும்.